சுரங்க ஊரின் மண்ணில் கன உலோகம்: சோதிப்பது முதல் சுத்தம் செய்வது வரை முழுமையான வழிகாட்டி

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்துச் சிற்றூர்களில் சின்னக் குழந்தைகள் வலிப்பு வந்து இறந்துகொண்டிருந்தார்கள். மலேரியா என்றுதான் முதலில் நினைத்தார்கள். ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் அது ஈய நஞ்சு என்று தெரிந்தது. அந்த ஊர்களில் தங்கத் தாதை மூட்டை மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்து, முற்றத்தில் உடைத்து, மாவு அரைக்கும் இயந்திரத்திலேயே பொடியாக்கினார்கள். தங்கத்தோடு ஈயமும் ஏராளமாக இருந்த தாது அது. பறந்த பொடி முற்றத்து மண்ணில் படிந்தது. அந்த மண்ணில்தான் பிள்ளைகள் தவழ்ந்தார்கள், விளையாடினார்கள், கை கழுவாமல் சாப்பிட்டார்கள். குறைந்தது 400 குழந்தைகள் போய்விட்டார்கள்.

சிகிச்சைக்கு வந்த ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு ஒரு நிலையில் உறுதியாக நின்றது: மண் சுத்தமான ஊர்ப் பிள்ளைக்குத்தான் மருந்து. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் மருந்து ஈயத்தை ரத்தத்திலிருந்து இறக்கியதும் பிள்ளை அதே முற்றத்துக்குத் திரும்பினால், இறங்கியது மறுபடி ஏறும். பகேகா என்ற ஊர் இதற்காக 2013 வரை காத்திருந்தது. மண்ணைச் சீர்செய்வதுதான் முதல் வைத்தியம் என்பதை அந்த ஊர்களிடமிருந்துதான் நான் எடுத்துக்கொண்டேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை வைத்து எழுதியவை.

இயங்கும் சுரங்கம், மூடிய சுரங்கம், தாதுக் கழிவுமேடு, உருக்காலை, தாது லாரி ஓடும் சாலை ஆகியவற்றின் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு இது. கோலார் தங்கவயலில் வேர் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலத்திலிருந்து வட ஆற்காட்டுப் பக்கத்துச் சனங்கள் அங்கே நிலத்துக்கடியில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு, ‘சயனைடு மேடுகள்’, மட்டும் அப்படியே நிற்கின்றன, காற்றடிக்கும் மாதங்களில் தூசி வீட்டுக்குள் வருகிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். உலோகம் சிதையாது. ஈயம் நூறு வருடம் கழித்தும் ஈயம்தான். சுரங்கம் மூடியாகிவிட்டது என்று எந்த ஊரும் நிம்மதி அடைய முடியாததற்கு இதுவே காரணம்.

படி 1: உங்கள் ஊரில் எந்த உலோகம்?

‘கன உலோகம்’ என்று மொத்தமாகச் சொல்வதால் ஒரு வேலையும் நடக்காது. எந்த உலோகம் என்று தெரிந்தால்தான் எந்தச் சோதனை, எந்த வைத்தியம், வயலில் என்ன போடுவது என்று முடிவெடுக்க முடியும். ஒரு மாசுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகும். எட்டாவது படியில் அதைப் பார்ப்போம்.

தோண்டி எடுத்த உலோகத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதன் கூட்டாளியையும் பாருங்கள். ஈய-துத்தநாகத் தாதோடு காட்மியம் வரும். தங்கத் தாதோடு பல இடங்களில் ஆர்செனிக் வரும். பாதரசம் சேர்த்துத் தங்கம் பிரித்திருந்தால் பாதரசமும் மண்ணில் இருக்கும். செம்புத் தாதிலும் ஆர்செனிக் இருக்கலாம். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்குப் போன்ற குரோமைட் (குரோமியத் தாது) பகுதிகளில் கவலை, குரோமியத்தின் நஞ்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் பற்றியது. தாது கந்தகம் கலந்ததாக இருந்தால் மழைநீர் பட்டு அமிலம் ஊறும். ஓடையில் ஆரஞ்சு நிறப் படிவு தெரிந்தால் அந்த அமிலம் உலோகத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஈயம் என்ற சொல்லிலேயே நம்மிடம் ஒரு குழப்பம் உண்டு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வரும் இடமெல்லாம் காரீயம். (வெள்ளீயம் என்று விற்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம். நம்பகமான இடத்தில் மட்டும் வாங்குங்கள்.)

படி 2: ஊரை நடந்து பாருங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். கழிவுமேட்டிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று வயதானவர்களைக் கேளுங்கள். மழைநீர் மேட்டிலிருந்து எந்த வாய்க்கால் வழியாக எந்த வயலுக்கு, எந்த ஏரிக்குப் போகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். லாரி எந்தத் தெருவில் போகிறது, தாது எங்கே சிந்துகிறது என்பதையும் குறியுங்கள்.

ஜாம்பியாவின் கப்வே நகரத்தை நினைத்துக்கொண்டு நடங்கள். 1902-இல் கண்டெடுத்த ஈய-துத்தநாகப் படிவம் அது. 1994-இல் சுரங்கத்தை மூடினார்கள். முப்பது வருடம் கழித்தும் கசாண்டா, மக்குலுலு குடியிருப்புகளில் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. உருக்காலைப் புகையில் படிந்த மண், கழிவுமேட்டுத் தூசி, சுரங்கத்து நீரை எடுத்துச் சென்ற கால்வாய் என எல்லாம் சேர்ந்துதான் அந்த நிலை. மிச்சமிருக்கும் கசடைத் தோண்டி விற்றுப் பிழைப்பவர்களும் அங்கே உண்டு. அவர்களின் உடையோடு தூசி வீட்டுக்குள் வருகிறது.

பலரும் விட்டுவிடும் ஒரு வழி, கட்டுமானம். கழிவுமேட்டு மணல் மெல்லியதாக, கல் இல்லாமல், காசும் இல்லாமல் கிடைக்கும். பூச்சு வேலைக்கும், தரையை நிரப்பவும், பள்ளி மைதானத்தில் கொட்டவும் அதை அள்ளியிருப்பார்கள். எந்தெந்தக் கட்டடத்துக்கு அந்த மணல் போனது என்று கொத்தனார்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மண் மாதிரி எடுப்பது

இதில் கவனம் குறைந்தால் அடுத்த படிகள் எல்லாம் வீண். வேண்டியவை: துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி அல்லது பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் வாளி, பாலிதீன் விரிப்பு, ஜிப் பை, அழியாத மை பேனா. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியோ பெயிண்ட் அடித்த மண்வெட்டியோ வேண்டாம். அந்தப் பூச்சே மாதிரியில் கலந்துவிடும்.

பிள்ளைகள் விளையாடும் இடத்தில் மேல் மண் மட்டும், இரண்டு செ.மீ. ஆழம் போதும். கையில் ஒட்டுவது அதுதான். வயலிலும் தோட்டத்திலும் வேர் போகும் ஆழம், 15 முதல் 20 செ.மீ. இரண்டையும் ஒரே பையில் போடவே கூடாது.

ஒரு முற்றத்தில் ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் ஒரே அளவாக எடுத்து வாளியில் கலந்து, பாலிதீன் விரிப்பில் குவித்துத் தட்டையாக்குங்கள். விரலால் ஒரு கூட்டல் குறி போட்டு நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பக்கம் இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டைக் கலந்து மறுபடி நான்காக்குங்கள். அரை கிலோ வரும் வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்துங்கள். மண் வளம் பார்க்க வேளாண் துறை சொல்லித்தரும் முறையேதான், விவசாயிகளுக்குப் பழக்கமானதே.

பைக்கு உள்ளே துண்டுச் சீட்டு, வெளியே எழுத்து, இரண்டும் வேண்டும். தேதி, ஆழம், எடுத்தவர், செல்போன் காட்டும் இட அளவெண். அதோடு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் சுரங்கத்திலிருந்து தள்ளி இருக்கும், அதே வகை மண் உள்ள ஓர் இடத்திலும் கட்டாயம் மாதிரி எடுங்கள். ‘இந்த மண்ணின் இயற்கையே இப்படித்தான்’ என்ற பதில் வரும்போது அந்த ஒரு பைதான் உங்கள் பக்கம் பேசும்.

குரோமியப் பகுதியில் மட்டும் முறை வேறு. ஆறு இணைதிறன் குரோமியம் உலரும்போது மாறிவிடலாம். மண்ணை உலர்த்தாமல், ஐஸ் பெட்டியில் வைத்து உடனே அனுப்புங்கள்.

படி 4: ஆய்வகத்தில் என்ன கேட்பது

மண் வள அட்டை இருக்கிறதே என்று பலர் எடுத்துக் காட்டுவார்கள். அதில் 12 அளவீடுகள்: தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகள், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, ஆர்செனிக் இல்லை. செம்பும் துத்தநாகமும் இருந்தாலும், பயிருக்கு எட்டும் பங்குதான் அதில் வரும், மொத்த அளவு வராது. அட்டையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்பதால் மண் நஞ்சற்றது என்று ஆகிவிடாது.

என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை அணுகுங்கள். அங்கீகாரம் மண்ணில் உள்ள அந்தக் குறிப்பிட்ட உலோகத்துக்கும் உண்டா என்று கேளுங்கள். ‘அமிலத்தில் கரைத்து மொத்த அளவு, ஐசிபி-எம்எஸ் அல்லது ஏஏஎஸ் முறையில், மி.கி./கிலோ கணக்கில்’ என்று எழுதிக் கொடுங்கள். முற்றத்து மாதிரியை 150 மைக்ரான் சல்லடையில் சலித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டுவது அந்த நுண்தூள்தான். செலவைக் குறைக்க எல்லா உலோகத்தையும் கேட்க வேண்டாம், முதல் படியில் கண்டுபிடித்த மூன்று நான்கு போதும். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகத்தை அளக்கும், கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி கிடைத்தால் ஒரே நாளில் நூறு இடம் பார்க்கலாம், ஈயத்துக்கு நன்றாக வேலை செய்யும். ஈயம் மிகுந்த மண்ணில் ஆர்செனிக் அளவைத் தவறாகக் காட்டும், குறைந்த அளவு காட்மியத்தைப் பிடிக்காது.

படி 5: எண்ணைப் படிப்பது

மாசுபடாத மண்ணில் ஈயம் பொதுவாகக் கிலோவுக்கு 10 முதல் 50 மி.கி. இருக்கும். காட்மியம் 1 மி.கி.க்கும் கீழே. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருந்த ஆய்வு வரம்பு (தாண்டினால் மேலும் ஆராய வேண்டிய அளவு) கிலோவுக்கு 400 மி.கி. 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தார்கள்.

எண் கண்ணுக்குத் தெரிய ஒரு கணக்கு போடுவோம். தவழ்கிற, விளையாடுகிற வயதுப் பிள்ளை ஒரு நாளைக்குச் சுமார் 100 மி.கி. மண்ணும் தூசியும் விழுங்கும். 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரையை ஐந்தாக உடைத்தால் அதில் ஒரு துண்டு. மண்ணை அள்ளித் தின்கிற பிள்ளை இல்லை, விரல் சூப்புகிற எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். முற்றத்து மண்ணில் 1,000 மி.கி./கிலோ ஈயம் இருந்தால் அந்தத் துண்டில் 100 மைக்ரோகிராம் ஈயம். உணவு வழியாக ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகத்தின் குறிப்பு அளவு. உட்போன ஈயத்தை உறிஞ்சுவதிலும் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு முந்தும். வயிறு காலியாக இருந்தாலோ, இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தாலோ இன்னும் கூடும். ஒரே தெருவில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதிகம் ஏறுவது இதனால்தான்.

கிணற்று நீரையும் ஒருமுறை பாருங்கள். இந்தியத் தரப்படி லிட்டருக்கு ஈயமும் ஆர்செனிக்கும் 0.01 மி.கி., காட்மியம் 0.003 மி.கி. தாண்டக் கூடாது.

படி 6: உடம்பைச் சோதிப்பது

ஈயத்துக்கு ரத்தம். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் தூசியே கலந்து எண்ணை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குத்த வேண்டும், அதிகம் வந்தால் கை ரத்தக்குழாயிலிருந்து எடுத்து உறுதிசெய்ய வேண்டும். முடிவில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 5 என்பதும் ஒன்றே. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் தொட்டால் ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. அதை மருத்துவமனைதான் தர வேண்டும். ‘நஞ்சு நீக்கி’ என்று விற்கும் பொடிகளை நம்பாதீர்கள். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் ஏதாவது வீட்டில் சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காட்மியத்துக்கும் ஆர்செனிக்குக்கும் சிறுநீர். ஆர்செனிக் சோதனைக்கு நாலைந்து நாள் முன்பே மீன், இறால், நண்டை நிறுத்த வேண்டும். கடலுணவில் உள்ள தீங்கற்ற ஆர்செனிக் கணக்கைக் குழப்பிவிடும்.

ஈயம் பெரும்பாலும் சத்தம் போடாது. சோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல், படிப்பில் பின்தங்குவது, எரிச்சல் என்று வேறு பெயர்களில் வரும். வலிப்பு வரும்போது அளவு மிக மேலே போயிருக்கும். காட்மியம் சிறுநீரகத்தைத் தொடும், பிறகு எலும்பை. ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்றங்கரைப் பெண்கள் அனுபவித்தது அதுதான். மேலே கமியோக்கா சுரங்கத்திலிருந்து இறங்கிய காட்மியம் ஆற்று நீரில் வந்து வயலில் தங்கி, அரிசியில் ஏறியது. இருமினாலே எலும்பு முறிந்தது. நோயின் பெயர் ‘இத்தாய் இத்தாய்’. நம் மொழியில் சொன்னால் ‘வலிக்குது, வலிக்குது’. நோயாளி போட்ட சத்தமே பெயராகிவிட்டது. உள்ளூர் மருத்துவர் நொபொரு ஹாகினோ விடாமல் அதன் காரணத்தைத் தேடினார். 1968-இல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது.

படி 7: வீட்டில், இன்றைக்கே

ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். மாதிரி எடுத்த அன்றே தொடங்குங்கள்.

வாசலைத் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள். பெருக்கிவிட்டுத் தெளிப்பதல்ல. காய்ந்த தூசியை விளக்குமாறு கிளப்பினால் அது அரை மணி நேரம் வீட்டுக்குள் மிதக்கும். உள்ளே ஈரத் துணியால் துடையுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், சன்னல் விளிம்பையும் கட்டிலுக்கு அடியையும் விட்டுவிடாதீர்கள். செருப்பு வெளியே. சுரங்கத்திலோ கசடு வேலையிலோ இருப்பவர் வெளியிலேயே குளித்து உடை மாற்றட்டும், அந்தத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு ஊற வைக்காதீர்கள். பிள்ளையை அந்த உடையோடு தூக்காமல் இருப்பது சிரமம்தான், அப்பா வந்ததும் ஓடிவருமே. ஆனாலும் குளித்த பிறகு தூக்குங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் பிள்ளையின் கையை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெறும் வயிற்றோடு விளையாட அனுப்பாதீர்கள். கேழ்வரகு, முட்டை, பயறு, நெல்லிக்காய் நல்லது. முற்றத்தின் வெற்று மண்ணை மூடுங்கள்: வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண், மேலே புல் அல்லது ஜல்லி, முடிந்தால் சிமெண்ட். பிள்ளையோ கர்ப்பிணியோ மண், அடுப்புச் சாம்பல் தின்றால் அடித்துத் திருத்தாமல் சோகைக்குச் சோதித்து மருந்து கொடுங்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் பழக்கம் அது.

படி 8: வயலிலும் தோட்டத்திலும்

ஈயம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், செடிக்குள் அதிகம் ஏறாது. கீரையில் தெறித்த மண்ணும் கிழங்கின் தோலும்தான் பிரச்சினை. அங்கே தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்களுக்கு மாறுங்கள், கீரையை மாசற்ற மண் நிரப்பிய தொட்டியில் போடுங்கள். காட்மியம் அப்படியல்ல. கீரையிலும் நெல்லிலும் எளிதாக ஏறும், கழுவினால் போகாது.

அமில மண்ணில் சுண்ணாம்பு போட்டுக் கார அமில நிலையை 6.5-க்கு மேல் கொண்டுவந்தால் காட்மியமும் ஈயமும் அடங்கும். ஆனால் ஆர்செனிக்குக்கு அதே சுண்ணாம்பு விடுதலை கொடுத்துவிடலாம். நெல்லிலும் இதே இழுபறி. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் காட்மியம் அரிசிக்குப் போவது குறையும், ஆர்செனிக் கூடும். காயவிட்டுப் பாய்ச்சினால் நேர்மாறு. எந்த உலோகம் என்று தெரியாமல் அண்டை வயலைப் பார்த்துச் செய்யக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அரிசியையே ஒருமுறை சோதித்துவிடுங்கள். தீட்டிய அரிசியில் காட்மியத்துக்குச் சர்வதேச உணவுத் தர வரம்பு கிலோவுக்கு 0.4 மி.கி.

படி 9: மண்ணைச் சுத்தம் செய்வது

சூரியகாந்தி நட்டால் ஈயம் போய்விடும் என்று சொல்வார்கள். ஈயத்தைப் பொறுத்தவரை இதை நம்பிப் பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டாம், பல பத்தாண்டுகள் ஆகும். அறுத்த செடியும் நஞ்சுக் கழிவாகிவிடும்.

மேட்டை அசையாமல் பிடிக்கச் செடி நல்ல துணை. அதில் நம் வெட்டிவேருக்கு உலகமெங்கும் மதிப்பு. தமிழ்ப் பெயரையே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆழமாக வேர்விட்டுச் சரிவைக் கட்டும், உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும். அதனாலேயே ஓர் எச்சரிக்கை: கழிவுமேட்டில் வளர்ந்த வெட்டிவேரைப் பானைத் தண்ணீரில் போடவும் கூடாது, விற்கவும் கூடாது.

குடியிருப்பில் நிரூபணமான வழி, மேல் மண்ணை எடுத்துவிட்டுச் சுத்த மண் போடுவது. சம்ஃபாராவில் ஊராரே மண்வெட்டியோடு மேல் மண்ணைச் சுரண்டி, சாக்கில் கட்டி, குழியில் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பினார்கள். தொயாமாவில் வயல்களையே மாற்றினார்கள். ஏறத்தாழ 863 ஹெக்டேர், 1979-இல் தொடங்கி 2012-இல் முடிந்தது. ஆனால் மேடு மூடப்படாமல் கிடந்தால் அடுத்த காற்றில் புது மண்ணும் கெடும். மேட்டை மூடுவது, ஓடும் நீரைத் திருப்புவது, பிறகு வீடுகள் என்ற வரிசையில் செய்யுங்கள்.

படி 10: யாரிடம் கேட்பது

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கம் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும், நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேளுங்கள். சுரங்கக்காரர்கள் கட்டும் பணத்தைச் சுரங்கம் பாதித்த ஊர்களுக்குச் செலவிடும் மாவட்டக் கனிம அறக்கட்டளை 2015-இல் சட்டத்திருத்தத்தால் வந்தது. குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் ஆகியவை அதன் முன்னுரிமைச் செலவுகள். பிள்ளைகளின் ரத்தச் சோதனையும் மண் ஆய்வும் அந்தப் பணத்தில் நடக்கட்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியரிடம் கொடுங்கள். 2025-இல் வந்த மாசடைந்த இடங்களுக்கான விதிகள் சுரங்கப் பணியால் வந்த மாசைப் பொதுவாக விலக்கி வைக்கின்றன. எனவே மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் மனு, பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

கேட்கும்போது பணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஜின்சு ஆற்றங்கரை மக்கள் 1972-இல் வழக்கில் வென்றபோது இழப்பீட்டோடு இன்னொன்றையும் எழுதி வாங்கினார்கள்: சந்தேகம் வந்தால் நிபுணர்களோடு சுரங்க ஆலைக்குள் போய்ப் பார்க்கும் உரிமை, அதன் செலவு கம்பெனியுடையது. அதன்பின் ஆண்டுதோறும் போனார்கள். உங்கள் மனுவிலும் அந்த வரியைச் சேருங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பியது போக மீதி மண்ணைத் தேதியிட்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூடி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்தில், அதே ஆழத்தில் மறுபடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.